வேல்ஸ் சர்ச் வளாகங்களில் நிற்கும் கற்சிலுவைகள்: கேள்வி பதில்

கேள்வி: வேல்ஸ் கிராமங்களில் சர்ச்சை ஒட்டி நிற்கும் பழைய கற்சிலுவைகள் யாருடைய கல்லறை?

பதில்: பல சிலுவைகள் யாருடைய கல்லறையும் அல்ல. முதலில் இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 9 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை செதுக்கியவற்றில் உடம்பெல்லாம் முடிச்சுப் பின்னலாக இருக்கும். சிலவற்றில் பெயரும் உண்டு: லான்ட்விட் மேஜரில் உள்ள ஒன்றை, தந்தையின் ஆன்மாவுக்காக ஹௌவெல்ட் என்பவர் செய்தார் என்று கல்லே சொல்கிறது. 14, 15-ஆம் நூற்றாண்டுச் சிலுவைகள் வேறு. படிக்கட்டுப் பீடம், மேலே ஒல்லியான தூண். அந்தக் காலத்தில் குருத்தோலை ஞாயிறு பவனி நின்று சென்றது இங்கேதான்.

கேள்வி: ஒன்றுதான் பார்க்க நேரம் உண்டு. எது?

பதில்: யோசிக்காமல் சொல்வேன், பெம்புரோக்‌ஷயரின் நெவர்ன் ஊர்ச் சிலுவை. புனித பிரைனாக் ஆலய வளாகத்தில் சுமார் 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஏறக்குறைய ஆயிரம் வயது. கழுத்தைக் கவனியுங்கள்: தலை தனிக்கல், தண்டின்மேல் முளை வைத்துக் கோத்தது. நான்கு பக்கமும் கட்டம் கட்டமாகப் பின்னல். கட்டத்துக்குக் கட்டம் வடிவம் மாறும். சுற்றி வந்து பார்க்காதவர் பாதிதான் பார்த்தவர்.

கேள்வி: அங்கே குயில் வருமாமே?

பதில்: ஊர்க்கதை. ஏப்ரல் 7, பிரைனாக் திருநாளன்று ஆண்டின் முதல் குயில் சிலுவை உச்சியில் கூவுமாம். அது வரும்வரை பாதிரியார் பூசையைத் தொடங்கமாட்டாராம்.

கேள்வி: பல ஊர்களில் மொட்டைத் தூண்தானே இருக்கிறது?

பதில்: மதச் சீர்திருத்தக் காலத்திலும் (16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த காலம்) அதன் பிறகும் உடைத்தார்கள். 1643-இல் நாடாளுமன்றமே சிலுவைகளை இடிக்க உத்தரவிட்டது. சில தூண்களின் தலையில் அப்புறம் சூரியக் கடிகாரம் ஏறியது. தப்பியது எப்படி இருக்கும் என்று பார்க்க டென்பிக்‌ஷயரின் டெர்வனுக்குப் போங்கள். தலைப்பகுதி சிற்பங்களோடு அப்படியே நிற்கிறது. டிரிமெயிர்கியன் ஊர்ச் சிலுவையின் கதையோ வேறு: 1862-இல் 5 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள், 2004-இல்தான் சர்ச்சுக்குத் திரும்பியது.

கேள்வி: செதுக்கல் தேய்ந்து தெரியவில்லை. சாக்பீஸ் தடவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பாசியையும் சுரண்டாதீர்கள், கல்லின் மேல்தோல் கூடவே வந்துவிடும். காலை, மாலைச் சாய்வெயிலில் போங்கள். வானம் மூடியிருந்தால் (வேல்ஸில் அதுதான் வழக்கம்) பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து பின்னல் தானாக எழும்.