பார்ப்பது வேறு, ஃபைல் போடுவது வேறு

கேள்வி: ஊர் உலகத்துக்கே தெரியும்படி ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டு, ‘அரசாங்கம் பார்க்கிறது, அந்தரங்கம் போச்சு’ என்று அலறுவது வேடிக்கையாக இல்லையா?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பார்ப்பதில் தகராறு இல்லை. மும்பை போலீஸ் 2013-லேயே இதற்கென ஒரு ‘லேப்’ திறந்தது. தகராறு, சேர்த்துவைப்பதில். 2018-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்காக ‘சோஷியல் மீடியா கம்யூனிகேஷன் ஹப்’ என்று ஒரு டெண்டர் விட்டார்களே, நினைவிருக்கிறதா? தனிநபர் கணக்குகளைத் தொடர வேண்டும், உரையாடல்களைச் சேமிக்க வேண்டும், ஆளைப் பற்றி ‘360 டிகிரி’ விவரம் வேண்டும் என்று கேட்டது அது. திரிணமூல் காங்கிரஸின் மஹுவா மொய்த்ரா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். ‘கண்காணிப்பு அரசை உருவாக்குவது போலாகிவிடும்’ என்றார்கள் நீதிபதிகள். ஆகஸ்ட் 3 அன்று அரசு திட்டத்தையே வாபஸ் வாங்கியது. வெறும் வேடிக்கை என்றால் ஏன் வாங்க வேண்டும்?

திங்களன்று ரேஷன் அரிசியைத் திட்டுகிறீர்கள். ஆடியில் கோயில் கொடைப் படம். ஜூனில் மகள் புதுச் சீருடையில். தனித்தனியே ஒன்றுமில்லை, ஒரே தாளில் எழுதினால் உங்கள் சாதி, கட்சி, பிள்ளை படிக்கும் பள்ளி எல்லாம் வந்துவிடும்.

பொது இடத்தில் இருப்பதாலேயே அந்தரங்கம் பறிபோகாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்த புட்டசாமி வழக்கில் சொல்லியாயிற்று. ஆனால் 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நீங்களே பொதுவில் போட்ட விவரத்துக்கு என் பாதுகாப்பு கிடையாது என்கிறது. வலைப்பதிவு எழுதும் ஒரு பெண்ணை உதாரணமாகவே காட்டி, 3-ஆம் பிரிவில்!

ஆகவே சட்டத்தை விட்டு, உங்கள் கையை நம்புங்கள். ஃபேஸ்புக் செட்டிங்ஸில் ‘லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்’ அழுத்தினால் பழைய பப்ளிக் பதிவுகள் மொத்தமும் நண்பர்களுக்கு மட்டும் என்றாகும். யோசித்து அழுத்துங்கள்; மனம் மாறினால் ஒவ்வொன்றாகத்தான் திறக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது கமெண்டில். கட்சிப் பக்கத்தின் பப்ளிக் பதிவுக்குக் கீழே நீங்கள் போட்டது இந்தப் பூட்டுக்கு அடங்காது. நீங்கள் செய்ததையெல்லாம் பட்டியலிடும் ‘ஆக்டிவிட்டி லாக்’ போய் நீங்களே அழிக்க வேண்டும். அதற்குள் யாராவது நகலெடுத்திருந்தால், அது எடுத்ததுதான்.

வீட்டுப் பிள்ளை அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறதா? கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குப் பெயர்களை விசா படிவம் 2019 முதலே கேட்கிறது. 2025 ஜூன் முதல், மாணவர் விசாவுக்கு அந்தக் கணக்குகளைப் பப்ளிக் ஆக்கிவிட்டு வா என்கிறார்கள். நீங்கள் சொல்லும் வேடிக்கை அங்கேதான் இருக்கிறது: பூட்டி வைத்ததைத் திறக்கச் சொல்கிறார்கள்.