வெளியே திரியும் பூனைக்கு ஸ்டீராய்டு ஊசி தொடரலாமா?

கேள்வி: எங்கள் செம்மஞ்சள் நிறக் கடுவன் பூனைக்கு 8 வயது, கருத்தடை செய்தது, எடை 6 கிலோ. இரவு முழுவதும் வெளியே திரிந்துவிட்டு விடியற்காலையில்தான் வீடு திரும்பும். கழுத்தையும் முகத்தையும் இரத்தம் வரும்வரை பிறாண்டிக்கொள்கிறது. கடுமையான ஒவ்வாமை என்று சொல்லி இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். ஊசி போட்டால் ஒன்றரை மாதம் நிம்மதி. பிறகு பழைய கதைதான். ஸ்டீராய்டு போட்ட பூனைகள் சர்க்கரை நோய் வந்து இறந்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சைக்ளோஸ்போரின் என்ற மருந்து பாதுகாப்பானது என்கிறார்களே, அதற்கு மாற்றிவிடலாமா? வயிறு தொங்குவது, உதட்டில் கரும்புள்ளிகள் வருவது, எப்போதாவது முடியுருண்டையை வாந்தி எடுப்பது எல்லாம் ஊசியால்தானா? இடையில் வீட்டில் இருந்த செட்டிரிசின் மாத்திரையில் பாதி கொடுத்தேன். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஸ்டீராய்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரக்கூடும் என்பது உண்மை. வந்தே தீரும், வந்தால் பிழைக்காது என்று நீங்கள் படித்த இரண்டும் பொய். நாயையும் மனிதரையும்விடப் பூனையின் உடல் ஸ்டீராய்டை நன்றாகவே தாங்கும். பூனைகளின் அரிப்புக்கு அது இன்றும் முதல் வரிசை மருந்தாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நடுவயதைத் தாண்டிய, கருத்தடை செய்த, பருமனான கடுவன் பூனைகளிடம்தான் சர்க்கரை நோய் அதிகம் காணப்படுகிறது, உங்கள் பூனை அந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே உங்கள் அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது. அந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஆடும் அடிவயிற்றுத் தோல்மடிப்பு பெரும்பாலான பூனைகளுக்கு இயல்பானது. செம்மஞ்சள் நிறப் பூனைகளின் உதட்டிலும் மூக்கிலும் வயதாக ஆகக் கரும்புள்ளிகள் தோன்றும். தட்டையாக இருக்கும்வரை அவற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அரிப்புள்ள பூனை உடம்பை ஓயாமல் நக்கும், நக்கினால் முடி வயிற்றுக்குள் போகும், போனது எப்போதாவது வெளியே வரும். இந்த மூன்றும் ஊசியால் வந்தவையல்ல.

எனக்கு உறுத்துவது ஸ்டீராய்டு உங்கள் பூனையின் உடலுக்குள் போகும் விதம். ஒரே ஊசியில் ஒன்றரை மாதம் பலன் தெரிகிறது என்றால், அது பெரும்பாலும் மெத்தில்பிரெட்னிசோலோன் அசிட்டேட் போன்ற, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியும் மருந்தாக இருக்கும். வெளியே திரியும் பூனையைப் பிடித்து வாயைத் திறந்து நாள்தோறும் மாத்திரை போடுவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தே மருத்துவர்கள் இந்த ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் போட்டுவிட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. சர்க்கரை ஏறத் தொடங்கினாலும், மறைந்திருந்த தொற்று தலைதூக்கினாலும், அந்த மருந்து தன் காலம் முடியும்வரை உடலுக்குள் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதே ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த பிரெட்னிசோலோன் மாத்திரையின் வேகம் ஓரிரு நாளில் அடங்கிவிடும். தொடக்கத்தில் தினமும், அரிப்பு அடங்கியபின் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு அதிலும் குறைந்த அளவு என்று படிப்படியாக இறங்கலாம், ஆபத்து தெரிந்தால் மருத்துவர் சொல்படி விரைவாகவும் இறங்கலாம். ஓராண்டில் ஐந்தாவது ஊசியை நோக்கிப் போகும் பூனைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இதயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டும். பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும் பூனைகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுக்கு இதயத் தசை தடித்திருக்கும், பலவற்றில் அது கடைசிவரை தெரியாமலே போகும். அத்தகைய பூனைக்கு நீண்டகால ஸ்டீராய்டு ஊசி போட்டால், இரத்தத்தில் சர்க்கரை ஏறி, அது நீரை இரத்தக்குழாய்களுக்குள் இழுத்து, இதயத்தின் சுமையைக் கூட்டுவதாகக் கருதப்படுகிறது. ஊசி போட்ட சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் மூச்சுத்திணறலுடன் வந்து சேரும் பூனைகள் உண்டு. உங்கள் பூனை ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்: 30-க்குள் இருந்தால் கவலையில்லை. தொடர்ந்து அதற்கு மேல் போனாலோ, ஓய்வாக இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, காலைவரை காத்திருக்கக் கூடாது.

இனி, நீங்கள் உண்மையில் கவனித்து வரவேண்டிய அடையாளம். பூனைக்குச் சர்க்கரை நோய் வந்தால் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கும். வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு அது சரி. உங்கள் பூனை கொல்லைப்புறத் தொட்டியில் குடிக்கிறதா, எதிர்வீட்டுக் குழாயடியில் குடிக்கிறதா, எந்த வீட்டு மணல் குவியலில் சிறுநீர் கழிக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உங்களால் அறியக்கூடியது அதன் எடை. ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். தூண்டிய பசிக்கு ஏற்பத் தின்றால் எடை கூடத்தான் வேண்டும். வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றுகொண்டே ஒரு பூனை மெலிகிறது என்றால், தின்ற உணவு உடலில் சேராமல் சிறுநீரில் சர்க்கரையாக வெளியேறுகிறதோ என்று உடனே சந்தேகிக்க வேண்டும். அடர்ந்த முடி மெலிவை மறைத்துவிடும் என்பதால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், பூனையைத் தூக்கிக்கொண்டு எடைபார்க்கும் கருவியில் நின்று, பிறகு உங்கள் எடையை மட்டும் கழியுங்கள். கூடையில் வைத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்தால் இன்னும் துல்லியம். நாள்காட்டியில் குறித்து வாருங்கள். 6 கிலோ பூனை, நன்றாகத் தின்றும், ஒரு மாதத்தில் 300 கிராம் இறங்கினால், அடுத்த ஊசியைப் பற்றிய பேச்சுக்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

அந்தச் சோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுக்கி, நாய்கள் குரைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்த பூனையின் இரத்தச் சர்க்கரை பயத்தினாலேயே எகிறும். ஒற்றை எண்ணை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கலாம், அல்லது கடந்த சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் சோதனையைக் கேட்கலாம். உறுதியாகிவிட்டாலும் அது மரண ஓலை அல்ல: தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, ஸ்டீராய்டை மருத்துவர் மேற்பார்வையில் இறக்கி, இன்சுலின் ஆரம்பித்தால், பிறகு இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பும் பூனைகள் கணிசமாக உண்டு. நீங்கள் படித்த கதைகளில் இறந்த பூனைகள் பெரும்பாலும் தாமதமாகக் கொண்டுவரப்பட்டவையாக இருக்கும். மெலிந்த பூனை ஒருநாள் உணவைத் தொடாமல், வாந்தி எடுத்து, சுருண்டு படுத்துவிட்டால் அது அன்றிரவே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை.

சைக்ளோஸ்போரின், உடலின் நோய் எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தி அரிப்பை அடக்கும் நல்ல மருந்து. அது சர்க்கரையை ஸ்டீராய்டு அளவுக்கு ஏற்றாது. சிலவற்றுக்குத் தொடக்கத்தில் வாந்தியும் பேதியும் வரும். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வீட்டை விட்டு வெளியே போகாத பூனையாக இருந்தால் மாற்றச் சொல்லி நானே எழுதியிருப்பேன். ஆனால் இரவில் வெளியே போகும் பூனை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. எலியும் குருவியும் பிடிக்கிறது. அவற்றின் தசையில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். சாதாரணப் பூனை அந்தத் தொற்றைப் பெரும்பாலும் அலுங்காமல் கடந்துவிடும். சைக்ளோஸ்போரின் தின்றுகொண்டிருக்கும்போது முதன்முறையாகத் தொற்றினால் அது நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவி உயிரைப் பறித்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. தெருப்பூனைகளோடு சண்டையிடும் கடுவனுக்கு, கடியால் பரவும் எஃப்ஐவி (நோய் எதிர்ப்பாற்றலைக் குலைப்பது), அதோடு எஃப்இஎல்வி (இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது) ஆகிய வைரஸ்கள் இல்லை என்று இரத்தச் சோதனையில் தெளிந்தபிறகே அந்த மருந்தை நினைக்கவே வேண்டும். ஆகவே, இணையம் பாதுகாப்பானது என்று சொல்லும் மருந்துதான், வேட்டையாடும் உங்கள் பூனைக்கு அதிக ஆபத்தானது. குறைந்த அளவில், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் பிரெட்னிசோலோன் அதைவிடச் சிறிய ஆபத்து என்பது என் கணிப்பு. நாய்களின் அரிப்புக்கு இப்போது பெயர்பெற்றுள்ள புதிய ஊசியைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது நாயின் உடலுக்கென்றே வடிவமைத்த எதிர்ப்புரதம், பூனைக்குப் பயன்படாது.

இவ்வளவும் அது ஒவ்வாமைதான் என்று நம்பிச் சொன்னது. உங்கள் கடிதத்தில் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. நம் ஊர்த் தெருக்களில் திரியும் பூனை கழுத்தையும் முகத்தையும் பிய்த்துக்கொண்டால், நான் முதலில் தேடுவது நோட்டோயெட்ரஸ் என்ற சொறிப்பூச்சியை. காது விளிம்பில் தொடங்கி முகம், கழுத்து என்று சாம்பல் நிறப் பொருக்கு படியும். அரிப்பு தாங்க முடியாததாக இருக்கும். ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு சில நாள் அடங்கும், பூச்சி நிம்மதியாகப் பெருகும். படர்தாமரைப் பூஞ்சையும் அப்படியே, அது உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். பல்லால் கவ்வி நக்கித் தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடும் பூனையின் உடம்பில் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாது. வாலடியிலிருந்து சீப்பால் வாரிய கருப்புத் துகளை ஈரப் பஞ்சில் வையுங்கள்; செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், பூனையின் இரத்தம். குளிர்காலம் என்று ஒன்று இல்லாத ஊரில் ஆண்டு முழுவதும் மாதந்தோறும், வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும், நாய்க்கும் அதனதன் மருந்தால், பூச்சித்தடுப்பு நடந்தாக வேண்டும். இதை ஒழுங்காகச் செய்து மூன்று மாதம் கழித்து ஊசியின் தேவை பாதியாகக் குறைந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். மூக்குத்தண்டிலும் காதுமடலிலும் மட்டும் புண் என்றால் கொசுக்கடி ஒவ்வாமையாக இருக்கலாம். சில இரவுகள் கொசு புகாத அறையில் வைத்தாலே ஆறத் தொடங்கும். தோல் சுரண்டல், பூஞ்சைச் சோதனை இரண்டையும் உங்கள் மருத்துவமனையில் செய்ய வசதி இல்லையென்றால், உங்களுக்கு எட்டும் தொலைவில் ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

செட்டிரிசினைப் பொறுத்தவரை பெரிய தீங்கு நேர்ந்திருக்காது. பெரிய நன்மையும் இராது. ஆனால் அந்தப் பழக்கத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதே பெட்டியில் சளி மாத்திரையும் இருந்திருக்கும். அதில் செட்டிரிசினோடு பாராசிட்டமாலும் மூக்கடைப்புக்கான மருந்தும் சேர்ந்திருக்கும். பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிட்டத்தட்ட இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே பூனையைக் கொல்லப் போதும்: ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். நாயின் உண்ணி மருந்தைத் தடவவே கூடாது. அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. நாய்க்கு ஒன்றும் செய்யாத அது பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். உறையில் பூனைப் படமும் எடைக் கணக்கும் அச்சிட்ட ஃபிப்ரோனில் அல்லது செலாமெக்டின் என்ற பூச்சிமருந்தை மருத்துவர் எழுதிக்கொடுக்க வாங்குங்கள். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினைக் கண்ணளவில் ஊற்றுவது, பூண்டு அரைத்துக் கொடுப்பது, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசுவது எல்லாம் வேண்டாம். பூனையின் மேல் பூசியது அனைத்தும் நக்கி வயிற்றுக்குள்தான் போகும், பூண்டோ அதன் இரத்த அணுக்களையே சிதைக்கும்.

உணவு ஒவ்வாமைக்கான எட்டு வாரச் சிறப்புணவுச் சோதனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தில் மீன்தலை கிடைக்கும்வரை அது காசுக்குப் பிடித்த கேடு.

இரவில் உள்ளே வைக்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். முழுநேரமும் அடைத்து வைக்கச் சொல்லவில்லை. எட்டு ஆண்டு வெளியே திரிந்த கடுவனை ஒரே நாளில் அடைத்தால் அது வேறு தொல்லைகளைக் கொண்டுவரும். மாலை இருட்டுமுன் வழக்கமான குரலில் அழைத்து, அது மிகவும் விரும்பும் உணவை ஒரே இடத்தில் வைத்து, அதில் ஒரு கவளத்துக்குள் மாத்திரையை மறைத்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். கொசுக்கடி, சண்டை, எலி வேட்டை மூன்றும் பெரும்பாலும் இரவு வேலைகள் என்பதால் பாதி ஆபத்து அங்கேயே நின்றுவிடும், மாத்திரை போகும் வழியும் திறக்கும். ஸ்டீராய்டு எடுக்கும் பூனை கடிபட்டால், காய்ச்சலும் வீக்கமும் வெளியே தெரியாமல் தோலுக்கடியில் சீழ் கட்டிவிடும் என்பதால், காலையில் கழுத்து, வாலடி, கால்கள் மீது கையோட்டிப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். வலிக்கென்று யாராவது மெலாக்சிகம் எழுதினால் பூனை ஸ்டீராய்டில் இருப்பதைச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகும்.

ஐந்தாவது ஊசிக்குப் போகும் நாளில் மருத்துவரிடம் தோல் சுரண்டல், இரத்தச் சர்க்கரை, இதயத்தின் ஒலி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அரிப்பு தாங்காமல் இரத்தம் வடியும் நிலையில் இருந்தால், முடிவுகள் வரும்வரை குறுகிய காலம் செயல்படும் மருந்தைக் கொடுப்பது பற்றிக் கேளுங்கள். பூனையைச் சும்மா துடிக்க விடவேண்டியதில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் தேதி தவறியிருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.