சான்சித்தா ராஜா சோழ வம்சமா? பர்மாக்காரர்கள் ஏன் அவரை இன்னும் கொண்டாடுகிறார்கள்?

கேட்டிருப்பது இரண்டு கேள்வி. பர்மாவின் பழைய தலைநகர் பகானை ஆண்ட சான்சித்தாவுக்குச் சோழ ரத்தம் உண்டா என்பது ஒன்று. செத்துத் தொள்ளாயிரம் வருஷம் ஆன ஒருத்தரை இந்த ஊர்க்காரர்கள் நேற்று பார்த்த சொந்தக்காரர் மாதிரி பேசுவது ஏன் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் 'இல்லை'. ஏன் அப்படி ஒரு பேச்சு வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நான் பெகுவில் பிறந்து வளர்ந்தவன், இப்போது வேலை ரங்கூனில். தமிழ்ப் புத்தகங்களில் அவர் பெயரைக் 'கியான்சித்தா' என்று எழுதியிருப்பார்கள், அது வெள்ளைக்கார எழுத்தைப் பார்த்துப் படித்ததால் வந்த வினை. இங்கே யாரிடம் அப்படிச் சொன்னாலும் புரியாது. சான்சித்தாதான்.

மூன்றாம் வகுப்பில் சயாமா (டீச்சரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஈட்டிக் கதையைச் சொன்ன அன்றைக்கே மத்தியானம் அது விளையாட்டாகிவிட்டது. கதை இதுதான். அனவ்ரத்தா பெரிய ராஜா, 1044 முதல் 1077 வரை ஆண்டவர். அவரிடம் சான்சித்தா தளபதி. ராஜாவுக்கு மனைவியாக வரும் பெகு இளவரசி மணிசந்தாவைப் பகான் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு இவருக்கு. போகிற வழியிலேயே இரண்டு பேருக்கும் மனசு போய்விட்டது. விஷயம் தெரிந்த ராஜா இவரைக் கட்டிப்போட்டு ஈட்டியை எறிகிறார். ஈட்டி ஆள்மேல் படாமல் கயிற்றை அறுத்துவிடுகிறது. இவர் அதே ஈட்டியை எடுத்துக்கொண்டு ஓட்டம். அந்த ஈட்டிக்குப் பெயர் 'அரிந்தமா'. நம்ம அரிந்தமன்தான், எதிரியை அடக்குகிறவன் என்று அர்த்தம். அன்றைக்கு அது யாரையும் அடக்கவில்லை.

எங்கள் விளையாட்டில் ஈட்டிக்கு ஒட்டடைக்கம்பு, கயிற்றுக்கு ஒருத்தன் கைலி. சான்சித்தாவாக நிற்க அத்தனை பேரும் அடித்துக்கொள்வார்கள், ராஜாவாக நிற்க ஆள் கிடைக்காது. நான் 'கலா' என்பதால் (இந்தியர்களை இங்கே அப்படிச் சொல்வார்கள், சமயத்தில் பாசமாக, பல சமயம் குத்தலாக) எனக்கு எப்போதும் யமங்கான் வேஷம்தான். அனவ்ரத்தாவுக்கு அடுத்து வந்த அவர் மகன் சோலு ராஜாவை எதிர்த்துக் கிளம்பிய ஒற்றைக்கண்ணன் அவன், பெகுவுக்கு அதிகாரி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே அரை மணி நேரம் ஓடிப் பாருங்கள், அந்த ஆள்மேல் தானாகவே இரக்கம் வந்துவிடும்.

இந்தச் சோலு கதைதான் என்னைக் கேட்டால் மொத்தத்திலும் நல்ல இடம். யமங்கான் சோலுவைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறான். சான்சித்தா ராத்திரியில் முகாமுக்குள் நுழைந்து, ராஜாவை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். முதுகில் இருக்கிற சோலுவுக்கு யோசனை போகிறது: இவனை எங்கப்பா கொல்லப் பார்த்தார், நானும் ஒன்றும் நல்லது செய்யவில்லை, இவன் எதுக்கு என்னைக் காப்பாத்தணும், கொல்லத்தான் தூக்கிக்கொண்டு போகிறான். உடனே கத்துகிறான், சான்சித்தா என்னைத் திருடிக்கொண்டு போகிறான் என்று! காவல்காரர்கள் ஓடி வருகிறார்கள். சான்சித்தா அவனைக் கீழே இறக்கி, போடா, நாய் மாதிரி செத்துப் போ என்கிற தோரணையில் ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு ஆற்றில் குதித்துத் தப்பிக்கிறார். சோலு செத்தான், 1084-ல் சான்சித்தா ராஜா ஆனார். காப்பாற்ற வந்தவன் முதுகில் உட்கார்ந்துகொண்டே அவனைச் சந்தேகப்படுகிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு, எல்லா வீட்டிலும் உண்டு. அதனால்தான் இந்தக் கதைக்கு வயசே ஆவதில்லை என்று நினைக்கிறேன்.

சரி, இதெல்லாம் நடந்ததா? இந்தக் கதைகள் நமக்கு வருவது பெரும்பாலும் 'கண்ணாடி அரண்மனை வரலாறு' என்ற நூலிலிருந்து. 1829-ல் அப்போதைய ராஜா அறிஞர்களைக் கூட்டி எழுத வைத்தது அது. அதாவது சான்சித்தா போய் எழுநூறு வருஷத்துக்குப் பிறகு. அதில் அவர் அனவ்ரத்தாவுக்கே மகன். அவர் பிறக்கப்போகிறார் என்று ஜோசியர்கள் சொல்ல, ராஜா முதலில் கர்ப்பிணிகளை, அப்புறம் தொட்டில் பிள்ளைகளை, அப்புறம் மாடு மேய்க்கிற பையன்களைத் தேடித் தேடிக் கொல்கிறார், மூன்று தடவையும் இவர் மட்டும் தப்பிக்கிறார். கம்சன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை.

எனக்கு மயக்கம் தருவது அவர் பெயர்தான். பர்மிய மொழியில் 'சான்' என்றால் மிச்சம், 'சித்தா' என்றால் சிப்பாய். மிச்சம் நின்ற சிப்பாய். ஆனால் பழைய வடிவம் 'கலன் சச்சா' என்கிறார்கள் படித்தவர்கள். கலன் என்பது ஒரு பதவிப் பெயர், ஆக அது 'அதிகாரிச் சிப்பாய்' என்கிற மாதிரி வெறும் உத்தியோகப் பெயர். நாக்கில் தேய்ந்து தேய்ந்து கலன் 'சான்' ஆனது, கேட்பவர் காதில் அது 'மிச்சம்' என்று விழுந்தது. எல்லாரும் செத்த பிறகு மிச்சம் நின்றவன் என்றால், எதிலிருந்து மிச்சம் என்று கேட்க மாட்டார்களா? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அந்தப் பிள்ளைக்கொலைக் கதை முளைத்திருக்கும் என்பது என் கணக்கு.

இனி கல். அவர் காலத்திலேயே வெட்டிய கல்வெட்டுகள் நிறைய இருக்கின்றன, அதிலும் முக்கால்வாசி மோன் மொழியில் (பெகுப் பக்கத்துப் பழைய இனத்தின் மொழி). பர்மிய ராஜா எதுக்கு மோனில் வெட்டினார் என்று மோன் நண்பர்கள் பெருமையாகக் கேட்பார்கள், கேட்கட்டும். அந்தக் கல்லில் அனவ்ரத்தா மகன் என்ற பேச்சே இல்லை. அம்மா வில்வ குலம், அப்பா சூரிய குலம், பட்டப்பெயர் ஸ்ரீ திரிபுவனாதித்ய தர்மராஜா. போன பிறவியில் ஸ்ரீக்ஷேத்திர நகரத்தைக் கட்டிய விஷ்ணு ரிஷி, இந்தப் பிறவியில் அரிமர்த்தனபுரத்து ராஜா. அரிமர்த்தனபுரம் என்றால் பகான். புத்தர் வாயாலேயே அப்படிச் சொல்ல வைத்திருக்கிறார், ஆசாமி லேசுப்பட்டவரில்லை. பிறப்பில் ஒன்றும் காட்ட முடியாதவன்தான் போன பிறவி வரைக்கும் போவான்.

சோழப் பேச்சு இங்கேதான் நுழைகிறது. சூரிய குலம் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நம்மவர்கள் அவரைச் சோழர் ஆக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் சூரியனையோ சந்திரனையோ பாட்டன் என்று சொல்லிக்கொள்ளாத ராஜா யார்? புரோம் ஊரில் கிடைத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது, அதில் சான்சித்தா புத்தரின் பெருமைகளைத் தங்கத் தகட்டில் எழுதி ஒரு சோழ இளவரசனுக்கு அனுப்பினார், அவன் படித்துவிட்டு பௌத்தத்துக்கு வந்தான் என்று இருக்கிறது. நன்றாகக் கவனியுங்கள், இதில் சோழன் வேறு ஆள். தங்கள் ராஜா சோழனையே மாற்றிவிட்டார் என்று அவர்கள் பெருமைப்படும் கல்லைத்தான் நாம் நம் பெருமைக்கு ஆதாரமாகக் காட்டுகிறோம்! அங்கே அப்போது முதலாம் குலோத்துங்கன் காலம் (1070–1122). அவ்வளவு பெரிய பெயர் கடல் தாண்டி இங்கேயும் கேட்டிருக்கிறது, சவால் விட லாயக்கான பெயராக இருந்திருக்கிறது, அந்த மட்டில் நாம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

உண்மையான தமிழ்ச் சுவடு வேண்டுமென்றால் பகானில் இருக்கிறது, ஆனால் சான்சித்தாவுக்கு நூறு வருஷம் கழித்து, 13-ஆம் நூற்றாண்டில். மலைமண்டலத்து (அதாவது கேரளத்து) மகோதயர்பட்டினத்துக் குலசேகர நம்பி என்பவர் நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபமும் கதவும் ஒரு விளக்கும் கொடுத்ததாகத் தமிழ்க் கல்வெட்டு. அதில் பகான் 'புக்கமான அரிவத்தனபுரம்'. அரிமர்த்தனபுரத்தை நம்ம ஆள் எப்படி உச்சரித்திருப்பார் என்று எனக்கு அப்படியே காதில் கேட்கிறது.

2013-ல் ஆயாவை, அதாவது பாட்டியை, பகானுக்குக் கூட்டிப்போனேன். ரங்கூனிலிருந்து ராத்திரி பஸ், விடிகிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். கோயில்களைப் பார்த்து இல்லை, பனைமரங்களைப் பார்த்து. அந்த வறண்ட பூமி முழுக்கப் பனைதான், கருப்பட்டி காய்ச்சுகிற வாசனைகூட நம் ஊர் வாசனை. அனவ்ரத்தாவிடம் சான்சித்தாவோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படும் வீரர்களில் ஒருத்தன் பனையேறி, ஒரே நாளில் ஆயிரம் பனை ஏறுவான் என்று கதை. அதைச் சொன்னதும் "ஆயிரமா, பொய்யி, உங்க தாத்தா நாப்பது ஏறுனதுக்கே நெஞ்சு தோலு உரிஞ்சு கெடப்பாரு" என்றார்.

ஆனந்தா கோயில் சான்சித்தா கட்டியது, 1105 என்பார்கள். நாலு திசைக்கும் நாலு நின்ற புத்தர், மேற்குப் பக்கத்துப் புத்தர் காலடியில் இரண்டு சிலை மண்டியிட்டு இருக்கும். ஒன்று ஷின் அரஹான் என்ற துறவி, இன்னொன்று சான்சித்தா. அண்ணாந்து பெரிய புத்தரையே பார்த்துக்கொண்டு போகிறவர்கள் கண்ணில் இது படாமலே போகும். ஆயா குள்ளம், அவர் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. யாரு இது என்றார். சொன்னேன். "ஈட்டிக்குத் தப்புனவனா?" என்று கேட்டுவிட்டு, பொம்மையைத் தொட்டுப் பார்க்கப் போய்க் காவலாளியிடம் ஒரு அதட்டல் வாங்கினார். ஆயாவுக்குப் பர்மிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவருக்கும் அந்த ஈட்டி தெரிந்திருந்தது.

1942-ல் ஜப்பான் படை வந்தபோது இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள், 1964-ல் கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறியவர்கள், எல்லாரும் போன பிறகு இங்கே நின்றுவிட்ட குடும்பம் எங்களுடையது. ஆயா யாரிடமும் எங்களை அறிமுகம் செய்யும்போது "நாங்க மிச்சம் கெடந்த ஆளுங்க" என்றுதான் சொல்வார். அதனால் 'சான்' என்ற அந்த ஒரு எழுத்து எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஒலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பர்மாக்காரர்களுக்கும் இதே கதைதான் என்று தோன்றுகிறது. அரசாங்கம் தலைநகர் நேபிடோவில் மூன்று ராஜாக்களுக்கு ராட்சசச் சிலை வைத்திருக்கிறது: அனவ்ரத்தா, பயின்னவுங், அலவுங்பயா. மூவரும் நாடு பிடித்தவர்கள். சான்சித்தா அங்கே இல்லை, ஒரு போர்க்கப்பலுக்கு மட்டும் அவர் பெயர் உண்டு. ஆனால் பள்ளிக்கூடப் பையன் ஒட்டடைக்கம்பை எடுத்தால் அவன் அலவுங்பயா ஆவதில்லை.

சான்சித்தாவின் மகன் கதையையும் சொல்லாமல் விட முடியாது. தலைமறைவாகத் திரிந்தபோது தம்புலா என்ற பெண்ணைக் கட்டினார், கிளம்பும்போது மோதிரத்தைக் கொடுத்து, பெண் பிறந்தால் விற்றுச் சாப்பிடு, பையன் பிறந்தால் கூட்டி வா என்றார். அவள் பையனோடு வந்தபோது, மகள் வயிற்றுப் பேரனுக்கு முடியை எழுதி வைத்தாகிவிட்டது. பையன் ராஜகுமார் கோபப்பட்டானா என்று கதை சொல்வதில்லை, அவன் கல் மட்டும் இருக்கிறது. மியாசேதி கல்: நாலு பக்கம், பாலி, பியூ, மோன், பர்மியம் என்று நாலு மொழி, அதை வைத்துத்தான் 1911-ல் பியூ மொழியைப் படிக்கவே முடிந்தது. ராஜா ஆகி இருபத்தெட்டு வருஷம் கழித்து அப்பா சாகக் கிடந்தார், நான் தங்கத்தில் புத்தர் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன், நல்லது நல்லது என்றார். அவ்வளவுதான் சாரம். அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு கல்வெட்டில் சான்சித்தா குடிகளுக்குக் கொடுக்கும் வாக்கு வருகிறது. வலது கையால் எல்லாருக்கும் சோறும் குழம்பும் கொடுப்பார், இடது கையால் துணியும் நகையும் கொடுப்பார், சட்டியும் மூடியும் விற்கிற கிழவிகள்கூடப் பணக்காரர் ஆவார்கள் என்று. ஆயா பெகு ஸ்டேஷன் வாசலில் முப்பது வருஷம் வடை போட்டவர். திரும்பி வருகிற பஸ்ஸில் இதைத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"வடை விக்கிறவளுக்கு ஒண்ணும் எழுதலியாடா?" என்றார்.