அதிபர் கையில் சட்டம் – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில், சித்திரவதை சட்டப்படி செல்லும் என்று அரசு வக்கீல்கள் எழுதிக்கொடுத்த குறிப்பாணைகள் பற்றிய உங்கள் பதிவைப் படித்தேன். எங்கோ குண்டு வைத்தாகிவிட்டது, இடம் தெரிந்தவன் ஒருவன் கையில் சிக்கியிருக்கிறான். நாலு தட்டு தட்டி ஆயிரம் பேரைக் காப்பாற்றினால் தப்பா? 2001 செப்டம்பர் 11 அன்று ஒரே நாளில் கிட்டத்தட்ட 3000 பேரைப் பறிகொடுத்த நாடு வேறென்ன செய்யும்? அப்புறம், அந்த வக்கீல்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

இந்தக் குண்டு சினிமாவில்தான் சரியாக வேலை செய்கிறது. நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். 2002 மார்ச்சில் பாகிஸ்தானின் பைசலாபாத்தில், அல் கொய்தாவின் முக்கிய ஆள் என்று அமெரிக்கா கருதிய அபு சுபைதா பிடிபட்டார். குண்டடிபட்டுக் கிடந்தவரிடம் எஃப்.பி.ஐ. ஆட்கள் பேச்சுக் கொடுத்தே, செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி காலித் ஷேக் முகமது என்பதை உறுதிசெய்துகொண்டார்கள். அப்புறம் சி.ஐ.ஏ. அவரை ஜூன் 18 முதல் 47 நாள் தனியறையில் அடைத்து வைத்தது. அத்தனை நாளும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை! அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உளவுத்துறைக் குழு வெளியிட்ட 2014 அறிக்கை சொல்வது இது. 47 நாள் பொறுமையாகக் காத்திருக்கிற குண்டு எந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்த இடைவெளியில் வாஷிங்டனில் காகிதம் தயாராகிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க நீதி அமைச்சக வக்கீல் ஜே பைபீ குறிப்பாணையில் கையெழுத்திட்டார், எழுதியதில் பெரும்பங்கு அவருக்குக் கீழே இருந்த ஜான் யூவுடையது. ஆகஸ்ட் 4 அன்று விசாரணை மறுபடி தொடங்கியது, முகத்தில் துணி போட்டு நீர் ஊற்றி மூச்சைத் திணறடிப்பதை மட்டும் அந்த ஒரு மாதத்தில் 83 முறை செய்தார்கள். உண்மையிலேயே அவசரத்தில் கை நீட்டிய அதிகாரி, பிறகு நீதிமன்றத்தில் நின்று தன் நியாயத்தைச் சொல்லலாம், நீதிபதி அதை எடைபோடுவார். இவர்கள் கேட்டது முன்ஜாமீன்.

அந்தக் குறிப்பாணையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது வலிக்கான வரையறையைத்தான். உறுப்பு செயலிழக்கும்போதோ சாகும்போதோ வருகிற அளவு வலி இருந்தால்தான் உடல்ரீதியான சித்திரவதையாம். அந்த வாசகத்தை எடுத்தது மருத்துவக் காப்பீட்டுச் சலுகைகள் பற்றிய ஒரு சட்டத்திலிருந்து, ‘அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை’ எது என்று சொல்கிற இடத்திலிருந்து. சரி, அது கேவலம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்த பகுதி. படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில் அதிபர் உத்தரவிடும் விசாரணைக்குச் சித்திரவதைத் தடைச் சட்டத்தைப் பயன்படுத்தினால், அந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணாகிவிடும் என்கிறது அது. அதாவது அதிபர் சட்டத்தை மீற வேண்டியதே இல்லை, நாடாளுமன்றம் போட்ட சட்டம் தானாக ஒதுங்கி வழிவிடும். அதுவும் எந்தத் தேதியில் முடியும் என்று யாருமே சொல்ல முடியாத ஒரு போரில்.

2004-ல் குறிப்பாணை கசிந்ததும் அரசு அதைத் திரும்பப் பெற்றது. வரையறை போயிற்று. தளபதி அதிகாரம்? டிசம்பரில் வந்த புதிய குறிப்பாணை, அதைப் பற்றி இப்போது பேசத் தேவையில்லை என்று தாண்டிப் போய்விட்டது. தப்பு என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வியட்நாமில் தானே சித்திரவதை அனுபவித்த செனட் உறுப்பினர் ஜான் மெக்கெய்ன், கைதிகளைக் கொடூரமாக நடத்துவதைத் தடுக்கும் திருத்தத்தை 2005-ல் கொண்டுவந்தார், செனட்டில் 90-க்கு 9 என்ற வாக்கில் அது நிறைவேறியது. புஷ் கையெழுத்துப் போட்டார், கூடவே ஓர் அறிக்கையும் விட்டார்: தளபதி என்ற முறையில் தனக்குள்ள அதிகாரத்துக்கு உட்பட்டே இதைப் பொருள்கொள்வாராம்!

அடித்தால் உண்மை வரும் என்ற நம்பிக்கைக்கு இப்னு அல்-ஷேக் அல்-லிபியைப் பாருங்கள். அமெரிக்காவின் பிடியில் சிக்கி, விசாரணைக்காக எகிப்துக்கு அனுப்பப்பட்ட அவர், அல் கொய்தாவுக்கு ஈராக் ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்றார். 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதை ஐ.நா.வில் சொன்னார், அடுத்த மாதம் ஈராக் போர். அடி தாங்காமல் சொன்ன பொய் என்று அல்-லிபி பிற்பாடு மறுத்துவிட்டார்.

வக்கீல்கள் நன்றாகவே இருந்தார்கள். பைபீ 2003-ல் மேல்முறையீட்டு நீதிபதி ஆனார், அவர் நியமனத்தை செனட் அங்கீகரித்தபோது குறிப்பாணை ரகசியம். யூ கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். நீதி அமைச்சகத்தின் உள்விசாரணை இருவர்மீதும் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது. 2010-ல் மூத்த அதிகாரி ஒருவர் அதை ‘மோசமான கணிப்பு’ என்று குறைத்துவிட்டார். பயங்கரவாதி என்ற சந்தேகத்தில் ராணுவச் சிறையில் வைக்கப்பட்ட ஹோசே பதில்லா என்ற அமெரிக்கக் குடிமகன் யூ மீது வழக்குப் போட்டார். பைபீ இருக்கும் அதே ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (அவர் அந்த அமர்வில் இல்லை) 2012-ல் அதைத் தள்ளியது. பதில்லா தனக்கு நடந்ததாகச் சொன்னவை சித்திரவதைதான் என்பது 2001–03 காலத்தில் சட்டப்படி தெளிவாக இல்லையாம். அந்தக் குழப்பத்தைக் கிளப்பியதே யூ எழுதிய காகிதங்கள்தான்.