தண்டப்பணம் கட்ட வழியில்லை எண்டா உடனே மறியலோ?

தங்கச்சி, புருஷனுக்கு 25,000 ரூபா தண்டம், கட்டாட்டி மறியல் (சிறை), கடல் தொழிலும் ரெண்டு கிழமையா ஓடேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்க. முதல் விசயம், வழக்குத் தவணைத் திகதிக்கு அவர் கட்டாயம் கோட்டுக்குப் போகோணும். காசில்லை எண்டு ஒளிச்சால் பிடியாணை வரும், பிறகு கதை வேற.

இலங்கையின்ர 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி தண்டத்தைக் கட்ட நீதவான் கால அவகாசம் குடுக்கலாம், பகுதி பகுதியாக் கட்டவும் விடலாம். ஆனா கேட்டாத்தான். கூண்டில பேசாம நிக்கிற ஆக்கள்தான் அநேகம். எங்கட சிறைகளில தண்டம் கட்டேலாமல் கிடக்கிற சனம் கொஞ்சநஞ்சமில்லை.

கிராம சேவையாளரிட்ட வருமானக் கடிதம், அஸ்வெசும (அரசாங்க நிவாரணக் காசு) எடுக்கிறதெண்டா அதின்ர பத்திரம், ரெண்டையும் கையோட கொண்டு போங்க. திருகோணமலையில சட்ட உதவி ஆணைக்குழுவின்ர நிலையம் இருக்கு. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குச் சட்டத்தரணி பிடிச்சுத் தருவினம். 1999இன் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் மறியலுக்குப் பதிலா வேலை செய்ய விடலாமோ எண்டும் அவையிட்டயே கேளுங்க.

மீற்றர் வட்டிக்கு, அதுதான் நாளுக்கு நாள் ஏறுற கடும் வட்டிக்கு, மட்டும் காசு எடுத்துப் போடாதேங்கோ. வழக்குத் தவணை எப்ப எண்டு எழுதுங்க.