ஷெரிஃபும் ஓட்டில்லாத நாற்காலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹவாய் பற்றி எழுதும்போது, வில்லியம் ஜாரெட் ஷெரிஃபாக இருந்து அமெரிக்க காங்கிரஸுக்குப் போனார் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது பழைய மெட்ராஸ் ஷெரிஃப்தான். வரும் பெரிய மனிதர்களுக்கு மாலை போடுவார். அங்கிருந்து அரசியலுக்கு எப்படி வழி?

கே.

அன்புள்ள கே.,

நம்மூரில் அது அலங்காரப் பதவியாக இருந்தது. ஹவாயின் தலைநகரான ஹொனலுலுவில் அப்போது ஷெரிஃப்தான் போலீஸ் தலைவர். அதுவும் மக்கள் ஓட்டுப் போட்டு வரவேண்டிய பதவி. ஆக, ஜாரெட் பாதி அரசியல்வாதியாகவேதான் தொடங்கினார். 1906இல் துணை ஷெரிஃப், 1908இல் ஷெரிஃப். 1914இல் தீவுகள் முழுமைக்கும் தலைமை ஷெரிஃப், கூடவே ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவின் சிறைப் பொறுப்பும். இது நியமனப் பதவி.

அன்றைய ஹவாயில் கரும்புத் தோட்ட முதலாளிகள் ரிபப்ளிகன் கட்சியின் பின்னால் நின்றார்கள். தோட்டத்தில் முதுகு ஒடிய உழைத்த ஜப்பானியக் குடியேறிகளுக்குக் குடியுரிமையே கிடையாது, அப்புறம் ஓட்டு எங்கே? ஓட்டுகளில் பெரும்பங்கு ஹவாய்ப் பூர்வகுடிகளுடையது. அவர்களின் இளவரசர் கூஹியோவும் ரிபப்ளிகன்தான். 1903 முதல் அமெரிக்க காங்கிரஸில் ஹவாயின் பிரதிநிதி அவரே. 1922 ஜனவரியில் அவர் இறந்தார். மிச்சக் காலத்துக்கு பால்ட்வின் என்ற தோட்ட முதலாளி போனார். அந்த நவம்பர் தேர்தலில் டெமாக்ரட்டான ஜாரெட் ஜெயித்தார். அவரும் ஹவாய் ரத்தம் கலந்தவர். பதினாறு வருஷம் தெருவில் பார்த்துப் பழகிய முகம். அந்த ஊரில் அதற்கு மேல் என்ன பிரச்சாரம் வேண்டும்?

ஆனால் போன இடம் விசித்திரமானது. ஹவாய் அப்போது மாநிலம் அல்ல, வெறும் ஆட்சிப்பகுதி. அதன் பிரதிநிதி மசோதா கொண்டுவரலாம், பேசலாம், அவையில் ஓட்டுப் போட முடியாது. நேற்றுவரை சிறைச் சாவியைக் கையில் வைத்திருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். என் கணக்கில் ஷெரிஃப் பதவியில்தான் அவருக்கு நிஜ அதிகாரம் இருந்தது. 1924இல், மாநிலங்களுக்குப் போகும் சாலை, கல்வி நிதிகளில் ஹவாய்க்கும் பங்கு தரும் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் ஃபாரிங்டனும் அதற்காக முட்டி மோதியவர், எனவே முழுப் பெருமையையும் ஜாரெட்டுக்குத் தர மாட்டேன்.

1926இல் விக்டர் ஹூஸ்டனிடம் தோற்றார், 1929இல் இறந்தார். ஹொனலுலு பலோலோ பள்ளத்தாக்கில் அவர் பெயரில் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. 1957இல் அதே ஓட்டில்லாத நாற்காலிக்கு ஜான் பர்ன்ஸ் என்ற டெமாக்ரட் போனார். அவரும் ஹொனலுலு போலீஸ்காரர்தான்! அவர் காலத்தில், 1959இல், ஹவாய் மாநிலமானது. நாற்காலிக்கும் ஓட்டு வந்தது.