பாகம் பிரிக்காத நிலத்தில் சாகுபடி ஏன் தடைபடுகிறது?

பிரிபடாத பங்கு என்பது, தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் வாரிசுகள் அனைவருக்கும் உரிமை இருந்தும், எந்த வரப்பு வரை யாருடையது என்று வரையறுக்கப்படாத நிலை. ஒரே பானைச் சோற்றில் பங்கு இருந்தும் எந்தப் பருக்கை எவருடையது என்று சொல்ல இயலாததைப் போல, ஒவ்வொரு குழி (சிறு நில அளவு) நிலத்திலும் எல்லோருக்கும் உரிமை உண்டு.

ஆகவேதான், தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளில் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகும், பட்டா இறந்தவர் பெயரிலேயே இருந்தால், உழுகிற மகன் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும்போது, சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (பயிர் விவரப் பதிவு) ஆகியவற்றோடு மற்றப் பங்குதாரர்களின் சம்மதமும் பெரும்பாலும் தேவைப்படுகிறது. வெளியூரில் இருக்கும் ஒருவர் கையெழுத்திட மறுத்தாலே நாற்று முற்றிப்போகும். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் ஆண்டுகளில் வடிகாலைத் தூர்வாரக்கூட யாரும் பணம் போடாததால் நல்ல நன்செய் பாழாவதுதான் மிகுந்த வேதனை.

இந்தப் பங்குதாரர்களில் மகள்களும் அடங்குவர்; சீர் செய்து கட்டிக்கொடுத்த மகளுக்குப் பங்கில்லை என்று பலர் நம்புவது தவறு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி, 20.12.2004-க்கு முன் முறைப்படி பாகம் பிரிக்கப்படாத பூர்விகச் சொத்தில் மணமான மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு.